கோப்பையில் பூத்த கம்மாபுரத்துச் செம்பருத்தி

செம்பருத்தி வளர்ப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், பிள்ளைகளே. ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு கக்கூஸ் கோப்பையில். அதனால் இதில் கக்கூஸ் அடிக்கடி வரும். மூக்கைப் பிடிக்க வேண்டாம். அந்தக் கோப்பையில் இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை. இதை எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிற்று. உங்களிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிமேல் கேட்கக் கூடாது.

எங்கள் ஊர் விருத்தாசலம். இங்கே பீங்கான் நிறையப் பேருக்குச் சோறு போடுகிறது. பொம்மை, கரண்ட் கம்பத்துக் குப்பி, ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, எல்லாம் செய்வார்கள். நான் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனியில் கக்கூஸ் கோப்பை செய்கிறோம். சூளையிலிருந்து கோப்பை ஆறி வெளியே வந்ததும் அதை நான் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். ‘ணங்’ என்றால் நல்ல கோப்பை. ‘டப்’ என்றால் உள்ளே எங்கேயோ விரிசல். அதன்பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். நாற்காலி மாதிரி உட்காருகிற வெஸ்டர்ன் கோப்பைக்கு அடியில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ஊற்றின தண்ணீர் போனது போக, கொஞ்சம் அந்த வளைவிலேயே நிற்க வேண்டும். அது நின்றால்தான் குழாயில் இருக்கிற நாற்றம் வீட்டுக்குள் வராது. நின்றால் பாஸ். நிற்காவிட்டால் ரிஜெக்ட்.

ஆக, தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

என் மனைவிக்குப் பிறந்த வீடு கம்மாபுரம் பக்கம். அந்த வீடும் அதைச் சுற்றின நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகப்போகிறது என்று ரொம்ப நாளாகப் பேச்சு. பேச்சு ஒருநாள் நிஜமாகிவிட்டது. அவள் அண்ணன் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று பேரும் வண்டியில் போனோம். நான் ஓட்ட, நடுவில் ஆறாவது படிக்கிற மகள், பின்னால் அவள்.

அவள் வீட்டைப் பார்த்து அழுவாள் என்று நினைத்து நான் ஒரு துண்டு கூட எடுத்துப் போயிருந்தேன். அவள் அழவே இல்லை.

“இந்த வூட்ட நெனச்சு எவ அழுவா? மழை பேஞ்சா அண்டா குண்டா எல்லாத்தையும் வெக்கணும். ஒழுவாத எடத்துல நாங்க படுக்கணும். போவட்டும் விடுங்க,” என்றாள். வீட்டைத் தாண்டி நேராகப் பின்பக்க வேலிக்குப் போனாள். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு செம்பருத்தி. ஐந்தே இதழ், நல்ல ரத்தச் சிவப்பு, நடுவில் நாக்கை நீட்டின மாதிரி ஒரு தண்டு. நர்சரியில் விற்கிற மஞ்சள், ரோஸ், அடுக்கு எல்லாம் இதற்குக் கிட்டே வர முடியாது. அதன் இலையை அரைத்துத் தேய்த்துத்தான் அவள் தன் தலைமுடியை வளர்த்தாள். கல்யாணம் ஆகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்தாள்.

“எனக்கு வூடு வாணாம், எடம் வாணாம். இந்த செடி வேணும். நம்ம வூட்டுல இது பூக்கணும், என் கையால பறிச்சு என் சாமிக்கு வெக்கணும். அவ்ளோதான்,” என்றாள்.

அவள் சாமி ஒரு பீங்கான் பிள்ளையார். அவரையும் நான்தான் கொண்டுவந்தேன். எங்கள் கம்பெனிச் சூளையில் இடம் மிச்சம் இருந்தால் பக்கத்துக் கொட்டகைப் பொம்மைக்காரர் தன் பொம்மைகளையும் அதில் அடுக்கிக்கொள்வார். அப்படி வெந்து, ரிஜெக்ட் குவியலில் கிடந்த பிள்ளையார் இவர். முகம், தும்பிக்கை, தொப்பை எல்லாம் அப்பழுக்கில்லை. முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்புப் பூச்சுப் பெயர்ந்து சொரசொரவென்று இருக்கும். “அவரு என்னா திரும்பியா ஒக்காரப்போறாரு?” என்று சொல்லி அவள் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து அலமாரியில் உட்கார்த்திவிட்டாள். பிள்ளையாரும் ஆட்சேபிக்கவில்லை.

சரி, குச்சி வெட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், இது முக்கியம். ரொம்ப இளசான பச்சைக் கொம்பு அழுகிப்போகும். ரொம்ப முற்றின கட்டை சோம்பேறி, வேர் விடாது. பென்சில் கனத்தில், பச்சையும் பழுப்புமாக இருக்கிற கொம்பாகப் பார்க்க வேண்டும். ஒரு சாண் நீளம். அடிப்பக்கம் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். இலையெல்லாம் கிள்ளிப்போட்டு உச்சியில் இரண்டு மட்டும் விட வேண்டும், அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிட வேண்டும். வேரே இல்லாத குச்சி இத்தனை இலைக்கு எங்கே போய்த் தண்ணீர் கொண்டுவரும்? அவள் இதையெல்லாம் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி சரசரவென்று செய்தாள். நாலு குச்சி. ஈரத் துணியில் சுற்றி மகள் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“மண்ண பத்தி நீ என்கிட்ட பேசாத. நான் மண்ணுலயே பொழங்கறவன்,” என்று சொல்லிவிட்டு மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு வாளி மண் கொண்டுவந்தேன். எப்பேர்ப்பட்ட மண்! களிமண்ணைக் கரைத்து, சல்லடையில் வடித்து, கல், மணல், வேர்த்தூசி, இலைத்தூசி ஒன்று விடாமல் நீக்கி, வெண்ணெய் போல ஆக்கின மண். தொட்டால் கன்னத்தில் பூசிக்கொள்ளத் தோன்றும். அதைப் பழைய பெயிண்ட் டப்பாவில் நிரப்பி இரண்டு குச்சியை ஊன்றினேன். இதைவிடச் சுத்தமான மண்ணில் எந்தச் செம்பருத்தியும் நின்றிருக்காது என்று எனக்குப் பெருமை.

ஒரு வாரம் ஆவதற்குள் மண் காய்ந்து டப்பாவை விட்டுச் சுருங்கிக்கொண்டது. குச்சியைப் பிடித்துத் தூக்கினால் மண் முழுசும் கூடவே வந்தது, குச்சி ஐஸ் மாதிரி.

சூளை அடுக்குகிற மாப்பிள்ளை ஒருவன் எனக்குக் கூட்டாளி. சொந்தத்தில் மாப்பிள்ளை முறை. அவனிடம் காட்டினேன். தட்டிப் பார்த்தான்.

“மாமா, சூப்பரா காஞ்சிருக்குது. இத சூளையில வெச்சன்னா குச்சியோட சேர்த்து ஒரு பூ ஜாடி கெடைக்கும்.”

“செடி ஏன்டா செத்துச்சு?”

“செடிக்கு என்னா வேணும்? மணலு வேணும், சருகு வேணும், குப்பை வேணும், காத்து போவ சந்து வேணும். நாம என்னா பண்றோம்? அது அத்தனையும் வடிச்சு வெளிய கொட்டிட்டு மிச்சத்தத்தான் கோப்பையாக்கறோம். நீ சக்கைய குடுக்க வேண்டியதுக்கு சாற குடுத்துட்ட மாமா.”

வீட்டில் சொன்னேன். “மண்ணுலயே பொழங்கறவரு சொல்லிட்டாரு, கேட்டுக்கடி,” என்று அவள் மகளிடம் சொன்னாள்.

அடுத்தது தொட்டி. நாங்கள் இருப்பது வாடகை வீடு, கீழே நாங்கள், மேலே வீட்டுக்கார அம்மா. வாசல் முழுக்க சிமெண்ட், தோண்ட முடியாது. பிளாஸ்டிக் தொட்டி வாங்கினால் எங்கள் தெரு ஆடுகள் முட்டித் தள்ளிவிட்டு நிதானமாகச் சாப்பிடும். துளசியை அப்படித்தான் சாப்பிட்டன. ஆடு அசைக்க முடியாத தொட்டி ஒன்று வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ரிஜெக்ட் குவியலைக் கடக்கும்போது ஒரு வெஸ்டர்ன் கோப்பை வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று, ‘ணங்’ என்று சத்தம், விரிசல் கிடையாது. பக்கவாட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம். முதலாளியிடம் கேட்டேன். “எடுத்துக்கினு போ, ஆனா எந்த கம்பெனி பீஸுன்னு எவன்கிட்டயும் சொல்லாத,” என்றார்.

லோடு ஆட்டோவில் அதை ஏற்றி வாசலில் இறக்கினபோது தெருவே வந்து நின்றது. எங்கள் ஊரில் கோப்பையைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் வாசற்படிக்குப் பக்கத்தில், மாக்கோலத்துக்கு நேராக, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கோப்பையை அவர்களும் பார்த்ததில்லை.

“எங்கம்மா வூட்டு செடிய கக்கூஸுல வெக்கறதா?” என்றாள் மனைவி.

“இது இன்னும் கக்கூஸ் ஆவல. கக்கூஸுல வெச்சாத்தான் கக்கூஸ். இப்ப இது வெறும் பீங்கான்.”

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். பக்திமான். விடியற்காலையில் ஒரு மூங்கில் கூடையோடு இறங்கி, தெருவில் எந்த வீட்டுச் சுவருக்கு வெளியே எந்தப் பூ தலைகாட்டினாலும் அதைச் சாமிக்குச் சேர்த்துவிடுவார்.

“ஏம்பா, வாசல்ல கக்கூஸ வெச்சா லஷ்மி எப்புடிப்பா உள்ள வருவா?”

“ஓரமாத்தான் இருக்குதும்மா. அவங்க வர்றதுக்கு வழி இருக்குது.”

“கெழங்கு வத்தல் விக்கிறவன் வந்தா அவசரத்துல ஒக்காந்துடப் போறான்.”

என் மகளுக்குத்தான் உண்மையிலேயே கஷ்டம். ஸ்கூலில் அவளை ‘கக்கூஸு வூட்டு பொண்ணு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். “ஆமா, அதுக்கு என்னான்னு கேளு,” என்றேன். “கேட்டேன்ப்பா. ‘உங்க வூட்டுல எங்க போவீங்க’ன்னு மொதல்ல கூப்ட்ட பையன கேட்டேன். வயக்காட்டுக்குன்னு சொன்னான். அப்புறம் அவனே ரெண்டு நாளு ஸ்கூலுக்கு வரல,” என்றாள்.

இந்தத் தடவை மண்ணை ஒழுங்காகக் கலந்தேன். செம்மண், ஆற்று மணல், மக்கின சாணம். மூன்றாவது குச்சியைக் கோப்பையில் நட்டேன். தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நாளில் கணுவில் ஒரு துளிர் வந்தது. தெருவுக்கெல்லாம் காட்டினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். துளிரைப் பார்த்து ஏமாறாதீர்கள். குச்சிக்குள் இருக்கிற சாற்றை வைத்துக்கொண்டு வேர் இல்லாமலே அது இலை விடும், புதுப் பணக்காரன் மாதிரி. சாறு தீர்ந்ததும் பல்லை இளித்துவிடும். அதற்காக வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கவும் கூடாது. ஒரு மாதம் அதை அதன் பாட்டுக்கு விட வேண்டும்.

நான் அதன் பாட்டுக்கு விடவில்லை. ஆசையில் காலையும் மாலையும் ஊற்றினேன். துளிர் மஞ்சளாகி விழுந்தது. வாசலில் ஒரு வாடை அடித்தது. கொசு வந்தது.

“வாடை வருது பாரு, நான் அப்பவே சொல்லல? ஒக்காந்துட்டான் எவனோ!” என்று மாடியிலிருந்து குரல்.

குச்சியைப் பிடுங்கினேன். அடி முழுக்கக் கறுத்துக் கொழகொழத்திருந்தது. மண்ணைக் கையால் வாரி வெளியே போட்டேன். அடிக்குப் போகப் போகச் சேறு, அதற்கும் அடியில் வளைவு நிறைய அழுகின தண்ணீர். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? தண்ணீர் நிற்பதற்கென்றே செய்த வளைவு. இந்த மாதிரி வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் பார்த்து பாஸ் போடுகிற கை என் கை. செடியின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். சேற்றில் நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எந்தத் தொட்டியாக இருந்தாலும் முதலில் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமெல்லாம் பிறகு.

மனைவி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள், இன்னும் நாலு குச்சி வெட்டி அனுப்பச் சொல்லி. ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

“எங்கேம்மா வெட்டறது? முந்தாநேத்தே ஜேசிபி வந்துடுச்சு. வேலி, வூடு எல்லாம் ஒரே மட்டமாயிடுச்சு. நீ மொதல்லயே சொல்றதில்ல?”

போனை வைத்தாள். துணி மடித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எழுந்து அடுப்படி ஜன்னல் பக்கம் போய், சிலிண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மேல்பக்கம் வெட்டின டின். உள்ளே நிறைய மணல். மணலில் நாலாவது குச்சி. அதில் நாலைந்து இலை, நல்ல கரும்பச்சை.

“நாலு குச்சின்னு நெனப்பு இருந்துச்சா உங்களுக்கு? எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல. அதான் ஒண்ண ஒளிச்சு வெச்சேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்பட்டு எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. அவள் செய்தது இவ்வளவுதான்: டின்னுக்கு அடியில் ஆணியால் நாலு குத்து, வெறும் மணல், குச்சியின் அடியில் கொஞ்சம் சோற்றுக்கற்றாழைச் சோறு, நேர் வெயில் படாத ஜன்னல், அரிசி கழுவும்போது கை ஈரத்தை அதில் ஒரு உதறு.

“இது ஒண்ணுதான் இருக்குது. இதுவும் போச்சுன்னா...” என்று டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் இப்போது அந்தச் செடி இல்லை. அந்த வீடும் வேலியும் கூட இல்லை. அந்தச் சிவப்பு மிச்சமிருப்பது எங்கள் சிலிண்டருக்குப் பின்னால் மட்டும்.

டின்னுக்கு வெளியே வேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆடு அதே ஆடு, கோப்பையும் அங்கேயே இருந்தது. வளைவில் ஓட்டை போட்டுவிடலாம் என்றேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். “நீங்க போடாதீங்க. அந்த தம்பிய கூப்புடுங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை டைல்ஸ் துளைக்கிற மிஷினோடு வந்தான். வெந்த பீங்கானில் ஓட்டை போடுவது சாதாரண வேலை இல்லை. சுத்தியல் போட்டால் கண்ணாடி மாதிரி போய்விடும். நான் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க, அவன் மிஷினை அழுத்தாமல் மெதுவாகப் பிடித்தான். சத்தத்தில் தெரு முழுக்கப் பல் கூசிற்று. வளைவின் தாழ்வான இடத்தில் மூன்று ஓட்டை. கடைசி ஓட்டை விழுந்ததும் நான் முட்டியால் தட்டினேன். ‘ணங்.’ விரிசல் இல்லை. வாளியில் தண்ணீர் ஊற்றினேன். முழுசும் அடியில் ஓடிப்போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீர் நிற்காத கோப்பைக்குப் பாஸ் போட்டேன்.

மாப்பிள்ளை மிஷின் ஒயரைச் சுற்றி வைக்கும்போதுதான் கோப்பையின் பக்கவாட்டுக் காயத்தைத் தடவிப் பார்த்தான்.

“அட, இது நம்ம பிள்ளையாரு பீஸு!”

“எந்த பிள்ளையாரு?”

“பொம்மைக்காரரு பிள்ளையார இது பக்கத்துல வெச்சிருந்தேன் மாமா. ரெண்டு வெரலு சந்து வுட்டுத்தான் வெச்சேன். சூட்டுல அந்தாளு அடி வளைஞ்சு பின்னால சாஞ்சிட்டாரு. மினுமினுப்பு உருகுற நேரம், அப்புடியே முதுகோட ஒட்டிக்கினாரு. கக்கூஸுல சாஞ்சிக்கினு ஜாலியா ஒக்காந்திருந்தாரு போ. நான்தான் தட்டி பேத்து குவியல்ல போட்டேன். எங்க போனாரோ பாவம்.”

எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே அலமாரியில் இருந்தார். நான் “சத்தமா பேசாத, டீ குடிக்கப் போலாம்,” என்று அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். மனைவிக்குத் தெரிந்தால் கோப்பையும் போகும், பிள்ளையாரும் போவார், நடுவில் என்னையும் ஏற்றி அனுப்பிவிடுவாள் என்று பயம்.

தொட்டிக்கு மண் இந்தத் தடவை அவன் சொன்ன மாதிரியே செய்தேன். கம்பெனியில் சல்லடையில் நின்றுபோய் வெளியே கொட்டுகிற சக்கை மலை மாதிரி கிடக்கும். பருமணல், பொடிக்கல், வேர்த்துண்டு, சருகு. யாருக்கும் வேண்டாதது. அதில் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கின சாணம் ஒரு பங்கு. ஓட்டைகள் மேல் உடைந்த பீங்கான் சில்லைக் கவிழ்த்து வைத்தேன், மண் அடைக்காமல் தண்ணீர் மட்டும் போகும். எங்கள் ஊரில் சில்லுக்கு மட்டும் பஞ்சமே வராது. எண்ணெய் டின்னை வெட்டி, மணலோடு சேர்த்து வேர் அசையாமல் அவளே இறக்கி நட்டாள். நான் தண்ணீர் ஊற்றப்போனேன். கையைத் தட்டிவிட்டாள். “மேல் மண்ணு வெரலு அளவு காஞ்ச பொறவுதான் தண்ணி. வெரல வெச்சுப் பாருங்க. நீங்கதான் தட்டிப் பாக்கறதுல கெட்டிக்காரராச்சே.”

செடி பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் என் இடுப்புக்கு வந்துவிட்டது. நடுவில் மாவுப்பூச்சி வந்தது. கணுவிடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது போல இருக்கும். கூடவே எறும்பு வரிசையாக ஏறினால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் கொஞ்சம் சோப்பும் கொஞ்சம் வேப்பெண்ணெயும் கலக்கி, சாயங்காலமாக இலைக்கு அடியிலும் படும்படி அடிக்க வேண்டும். மகள் பழைய கொலின் ஸ்ப்ரே பாட்டிலில் அடித்தாள். “ஏன்டி, கக்கூஸ கழுவுறியா?” என்று போகிற வருகிற பையன்கள் கேட்டார்கள். அவர்கள் மேலும் கொஞ்சம் அடித்தாள்.

ஆனால் மொட்டு வரவில்லை. இலை இலையாக வந்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. டீத்தூள் போட்டோம், வாழைப்பழத் தோல் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி வெள்ளிக்கிழமைதோறும் கடைப் பூவைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு வாசலுக்கு வந்து செடியைப் பார்ப்பாள்.

காரணம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா, தன்னைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் கோப்பை படக் கூடாது என்று மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு பழைய போர்வையைத் திரை மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார். காலை வெயில் முழுசும் அதன் மேல்தான் விழுந்தது. செம்பருத்திக்கு நிழலில் இலை வரும், பூ வராது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

மனைவி மாடிக்குப் போனாள். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன்.

“போர்வைய எடுத்துடுங்கம்மா. செடிக்கு வெயிலு படல.”

“எடுத்தா அது தெரியுமேம்மா.”

“தெரியட்டும். பூத்துச்சுன்னா எல்லாரும் பூவத்தான் பாப்பாங்க.”

பிறகு அந்த அம்மா சொன்னார்: “எடுத்துடறேன். ஆனா ஒண்ணு. அதுல பூத்தத சாமிக்கு வெச்சிடாத. வேணும்னா தலையில வெச்சுக்க. கக்கூஸுல பூத்தது சாமிக்கு ஆவாது. தோஷம்.”

இவள் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றியது. அவள் இந்தப் பாடு பட்டதே சாமிக்கு வைக்கத்தான். தலையில் வைக்க வேண்டுமென்றால் கடையிலேயே கிடைக்கும்.

போர்வை போனது. வெயில் வந்தது. நுனியை எல்லாம் இரண்டு கணு கிள்ளிவிட்டோம், கிள்ளின இடத்தில் இரண்டிரண்டாகக் கிளை வந்தது. புதுக்கிளையில்தான் செம்பருத்தி பூக்கும். கிளை நுனியில் பச்சை மிளகாய் விதை அளவுக்கு ஒரு மொட்டு. அது வளர்ந்து, உருண்டு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நுனியில் சிவப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றது. மறுநாள் விடிந்ததும் விரிந்திருந்தது. ஐந்து இதழ், ரத்தச் சிவப்பு, நடுவில் நாக்கு. கம்மாபுரம் வேலியில் பார்த்த அதே பூ, வெள்ளைப் பீங்கானுக்கு மேலே.

மனைவி தலைக்குக் குளித்துவிட்டு வந்து பறித்தாள். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா பூக்கூடையோடு நின்றிருந்தார்.

“தலையிலதான வெக்கப்போற?”

“சாமிக்கும்மா.”

“நான் சொன்னேனே! கக்கூஸு பூவ பிள்ளையாருக்கு வெப்பியா நீ?”

மனைவி பூவை மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் நேராகப் போய்க் கோப்பைக்குப் பக்கத்தில் குந்தினாள். பிள்ளையாரைக் கொஞ்சம் சாய்த்து, அவர் முதுகைக் கோப்பையின் காயத்தில் வைத்தாள்.

‘டக்’ என்று உட்கார்ந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. நடுவில் ஒரு நூல் போகிற சந்து கூட இல்லை. பிள்ளையார் கோப்பையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

“பாருங்கம்மா. இவரு இதுல சாஞ்சிக்கினுதான் சூளையில வெந்தாரு. ஒரே மண்ணு, ஒரே சூடு, ஒரே நாளு. இவருக்கே இல்லாத தோஷம் பூவுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

“உனக்கு எப்புடித் தெரியும்?” என்றது வீட்டுக்கார அம்மா இல்லை, நான்.

“அடுப்படி ஜன்னலு இந்தாண்டதான இருக்குது. மிஷினு நின்ன பொறவும் அந்த தம்பி கத்திதான் பேசினாரு. நீங்க டீ குடிக்கப் போனதும் தூக்கிட்டு வந்து வெச்சுப் பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

வீட்டுக்கார அம்மா படியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து முதுகையும் காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் அந்தச் சேர்மானத்தைத் தடவினார். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிள்ளையாருக்குத்தான் போட்டுக்கொண்டார், ஆனால் எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் கக்கூஸ் கோப்பைக்குப் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்திருக்கும். எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மகள் பூவை அம்மாவிடம் நீட்டினாள். அவள் அங்கேயே, வாசலிலேயே, பிள்ளையார் காதோரம் செருகினாள். கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தாள். நான் கம்மாபுரத்துக்கு எடுத்துப்போன அந்தத் துண்டு கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொடுத்தேன். வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் பிள்ளையார் முதுகில் இருந்த மண்ணையும் துடைத்து உள்ளே கொண்டுபோனாள்.

செம்பருத்திப் பூவுக்கு ஆயுசு ஒரு நாள். சாயங்காலம் சுருண்டுவிடும். அதனால் வருத்தப்பட வேண்டாம், வெயிலும் தண்ணீரும் சரியாக இருந்தால் அடுத்த மொட்டு பக்கத்திலேயே தயாராக இருக்கும். எங்கள் செடியில் மறுநாளே இரண்டு விரிந்திருக்க வேண்டும். காலையில் பார்த்தேன். காம்பு மட்டும் இருந்தது. மாடியில் மணிச் சத்தம் கேட்டது.

மனைவி இப்போது வியாழக்கிழமை சாயங்காலமே வெள்ளிக்கிழமைக்கான மொட்டுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவைத்துவிடுகிறாள். வீட்டுக்கார அம்மா நூல் கட்டினதைத் தொடுவதில்லை. மிச்சத்தை விடுவதும் இல்லை. போன வாரம் அவரே என்னைக் கூப்பிட்டு, மாடியில் வெயில் நன்றாகப் படுகிறது, இதே மாதிரி இன்னொரு ரிஜெக்ட் கோப்பை கிடைக்குமா என்று கேட்டார். குச்சி தயாராக இருக்கிறது, பென்சில் கனம், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினது. கோப்பையில் ஓட்டை மட்டும் நான் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.